கடைசியாகத் தொட்ட கை

காலை வைத்ததும் எதிர்த்து நிற்க வேண்டிய ஒன்று, எதிர்க்காமல் இசைந்து உள்ளே போவது எவ்வளவு அச்சம் தரக்கூடியது என்பதை 2024ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், ஜூலை 28 ஞாயிற்றுக்கிழமை மாலையில், நாங்கள் அறிந்துகொண்டோம். சேலத்தில் எங்கள் வீட்டு வாசலில் கார் அசையாமல் நின்றிருந்தது. நாள் முழுக்க அதன் முன் பிரேக்குகளைக் கழற்றிப் பூட்டிவிட்டு, கையெல்லாம் கரியோடு, வெற்றிப் பெருமிதத்தோடு உள்ளே ஏறி பிரேக் மிதியை அழுத்தினோம். இருட்டில் இன்னொரு படி இருக்கிறதென்று எண்ணிக் காலை வைத்து, படி இல்லாமற்போகும்போது அடிவயிற்றில் ஒரு வெறுமை எழுமே, அதுதான் எழுந்தது. மிதி பஞ்சுமூட்டையைப் போலப் பாதிக்குமேல் உள்ளே போய், அங்கேயும் உறுதியாக நிற்காமல் மெல்ல அசைந்துகொடுத்தது.

நாங்கள் என்பது அண்ணன் தம்பி இருவர். வழக்கமாகப் புத்தகங்களைப் பற்றிப் பேசவும் எழுதவும் மட்டுமே ஒன்றுசேர்கிறவர்கள். ஸ்பேனரைக் கையிலெடுத்தது அபூர்வம். இந்தக் கட்டுரையில் எதை எவர் செய்தார், எதை எவர் சொன்னார் என்று பிரித்து எழுதுவதில்லை என முடிவுசெய்திருக்கிறோம். காரணம் போகப்போகப் புரியும்.

கார் அப்பாவுடையது. 2006இல் பணி ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் அவர் வாங்கிய மாருதி ஆல்டோ. 2021இல் அப்பா காலமானார். அதே ஆண்டில் வண்டியின் பதினைந்தாண்டுப் பதிவும் முடிந்தது. விற்றுவிடலாம் என்று சொல்லாதவர் இல்லை. ஆனால் அம்மா எதுவும் சொல்லவில்லை என்பதையே பதிலாக எடுத்துக்கொண்டு மேலும் ஐந்தாண்டுக்குப் புதுப்பித்தோம். ஆடிப் பதினெட்டு அன்று கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போய்வருவது அப்பா, அம்மா இருவரின் வழக்கமாக இருந்தது. அப்பா போனபிறகு அது நின்றுவிட்டது. அந்த ஆண்டு ஆனி மாதம் முடியும் தறுவாயில், சோறு போட்டுக்கொண்டிருந்த அம்மா, “ஒருக்கா மலைக்குப் போய்ட்டு வரலாமா சாமி?” என்று கேட்டார். ஆடிப் பதினெட்டு ஆகஸ்ட் 3, சனிக்கிழமை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே செல்லும் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஏறும்போது இன்ஜினை நம்ப வேண்டும், இறங்கும்போது பிரேக்கை நம்ப வேண்டும். அவ்வளவுதான் மலைப்பாதையின் சாரம்.

அந்தச் சமயத்தில்தான் வண்டியின் இடது முன்சக்கரம் சூடேறத் தொடங்கியது. சிறிது தூரம் ஓட்டிவிட்டு இறங்கினால் ஒரு கருகல் வாடை. சக்கரத்தருகே கையைக் கொண்டுபோனால் அடுப்பருகே கொண்டுபோனதுபோல் இருந்தது. நேர்ச்சாலையிலும் வண்டி இடப்பக்கம் இழுத்தது. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டன் துருவேறி இறுகி, அழுத்தத்தை விட்டபிறகும் பின்வாங்காமல், பிரேக் பேடை டிஸ்க்கின்மேல் தேய்த்துக்கொண்டே இருந்ததுதான் காரணம். இதை ஒழுங்காகக் கண்டுபிடித்தோம் என்பதில் இன்றும் எங்களுக்குச் சிறு பெருமை உண்டு. பெருமைக்குரிய பகுதி இத்துடன் முடிகிறது.

இயல்பாக நாங்கள் செய்திருக்க வேண்டியது, மூன்று தெரு தள்ளிப் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணனிடம் வண்டியை விடுவது. அப்பாவின் காலம் முழுதும் அவர்தான் பார்த்துவந்தார். ஆனால் நாங்கள் அவரிடம் போவதை நிறுத்தி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. 2022இல் பின்சக்கரங்களின் வீல் சிலிண்டர்கள் கசிகின்றன என்று சொல்லி, இரண்டு சிலிண்டர்களையும் பிரேக் ஷூக்களையும் மாற்றியிருப்பதாக ஒரு துண்டுத்தாளில் கணக்கு எழுதிக் கொடுத்தார். தொகை எங்களுக்கு மிகையாகப் பட்டது. கழற்றிய பழைய சிலிண்டர்கள் எங்கே என்று கேட்டோம். பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன் என்றார். அப்போது எங்களில் ஒருவர், “வண்டியில மாத்துனீங்களா, இல்ல கணக்குல மட்டும் மாத்துனீங்களா?” என்று கேட்டுவிட்டார். மற்றவர் அதை மறுக்கவில்லை. மெக்கானிக் அண்ணன் பதில் சொல்லவில்லை. பணத்தை வாங்கினார், எண்ணவில்லை, சாவியைத் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போனார். நல்ல வாக்கியம் ஒன்றைச் சொல்லிவிட்ட மிதப்போடு நாங்கள் வீடு திரும்பினோம். இலக்கியம் படிக்கிறவர்களுக்கு உள்ள நோய்களில் அது ஒன்று.

ஆகவே, இம்முறை நாங்களே செய்துவிடுவதென்று தீர்மானித்தோம். காணொளிகளைப் பார்த்தோம். ஜாக்கி வைத்து, அதை மட்டும் நம்பாமல் அடியில் ஸ்டாண்டும் கொடுத்து, முன்சக்கரங்களைக் கழற்றி, இரண்டு காலிப்பர்களையும் எடுத்தோம். ஒரு பக்கம் கெட்டால் இருபக்கமும் மாற்றுவதே முறை. பழையவற்றைக் கொடுத்தால் விலை குறையும் என்பதால், உதிரிபாகக் கடையில் அவற்றைக் கொடுத்துவிட்டு, பழுதுநீக்கிப் புதுப்பித்த ஒரு ஜோடியையும் புதிய பேடுகளையும் வாங்கிவந்தோம். ஜோடி ஒரே அட்டைப்பெட்டியில் இருந்தது. பூட்டினோம். ரப்பர் குழாய் சற்றே முறுக்கிக்கொண்டு நின்றது கண்ணில் பட்டது. புதிது என்றால் அப்படித்தான் இருக்கும் என்று கடந்துபோனோம். குழாயோ பதினெட்டு ஆண்டுப் பழையது.

பிரேக் என்பது எப்படி வேலைசெய்கிறது என்பதை இங்கே கொஞ்சம் சொல்லிவிடுவது நல்லது. மூடிய கலத்திலுள்ள நீர்மத்தின்மேல் ஓரிடத்தில் தரப்படும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவுகிறது என்பது பிரெஞ்சு அறிஞர் பாஸ்கலின் விதி. அவருடைய ஆய்வு, அவர் இறந்த மறு ஆண்டான 1663இல் நூலாக வெளிவந்தது. அந்த விதியை நான்கு சக்கரங்களிலும் பிரேக்காகப் பொருத்தி விற்பனைக்கு வந்த முதல் கார் 1921இல் அமெரிக்காவின் டூசன்பர்க். இன்றும் அடிப்படை மாறவில்லை. மிதியை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டர் நீர்மத்தை அழுத்துகிறது. அந்த அழுத்தம் குழாய்வழியே நான்கு சக்கரங்களுக்கும் சென்று பேடுகளையும் ஷூக்களையும் தள்ளுகிறது. பட்டறைகளில் பிரேக் ஆயில் என்று சொன்னாலும் அது எண்ணெய் அன்று. பொதுவாகப் பயன்படும் டாட் 3, டாட் 4 வகைகள் கிளைக்கால் சார்ந்த நீர்மங்கள். உண்மையிலேயே இன்ஜின் எண்ணெயை அதில் ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும்.

இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே ஒரு நம்பிக்கையின்மேல் நிற்கிறது: நீர்மம் அமுங்காது. நடுவில் எங்காவது காற்று புகுந்துவிட்டால் அந்த நம்பிக்கை பொய்த்துப்போகிறது. காற்று அமுங்கும். கால் கொடுக்கும் உந்தலின் பெரும்பகுதி அந்தக் காற்றைச் சுருக்குவதிலேயே செலவாகி, சக்கரத்துக்கு மிச்சம்தான் போய்ச்சேரும். மிதி மென்மையாக உள்ளே போவது அதனால்தான். அதற்காகவே ஒவ்வொரு சக்கரத்திலும் காற்றை வெளியேற்ற ஒரு சிறு திருகு வைத்திருக்கிறார்கள். பட்டறை மொழியில் நிப்பிள். ஒருவர் மிதியை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் நிப்பிளைத் தளர்த்திக் காற்றையும் நீர்மத்தையும் வெளியேவிட்டு, மறுபடி இறுக்க வேண்டும். இறுக்கி முடிக்கும்வரை மிதித்தவர் காலை எடுக்கக்கூடாது. எடுத்தால் வெளிக்காற்றை அது உள்ளே உறிஞ்சிக்கொள்ளும்.

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தைத் துளைத்ததாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். அவன் பெயரில் அரசு விழா எடுக்கும் அந்த ஆடி நாள்களுக்குச் சற்று முன்பு நாங்கள் ஐந்து அம்புகளை எய்து ஒன்றைக்கூடத் தைக்காமல் விட்டோம்.

முதல் அம்பு காற்று எடுப்பது. மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள இடது பின்சக்கரத்தில் தொடங்கி ஒவ்வொன்றாக வந்தோம். நிப்பிளில் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாயைச் செருகி, அதன் மறுமுனையைப் புட்டியிலிருந்த நீர்மத்துக்குள் அமிழ்த்தி வைத்தோம். காரில் ஒருவர், தரையில் ஒருவர். “மிதி… பிடி… விடு.” இந்த ‘விடு’ எங்களுக்குள் பெரும் குழப்பத்தை விளைவித்தது. நிப்பிளைத் தளர்த்திவிட்டேன் என்பதா, காலை எடு என்பதா, அல்லது போன வாரத்துச் சண்டையை இனியாவது மறந்துவிடு என்பதா? கடைசியில் எண்களைச் சொல்லத் தொடங்கினோம். ஞாயிறு இரவும் திங்கள் மாலையுமாக ஒன்றரை லிட்டர் நீர்மம் போனது. முதலில் பொங்கிப்பொங்கி வந்த குமிழிகள் பிறகு நின்றன. குழாயில் ஒரு குமிழிகூட இல்லை. மிதி மட்டும் பஞ்சாகவே இருந்தது. குமிழி வராததால் காற்று இல்லை என்று முடிவுகட்டினோம். வாசலுக்கு எவரும் வரவில்லை என்பதற்காக வீட்டுக்குள் எவரும் இல்லை என்று சொன்னதுபோலத்தான் அது.

இரண்டாவது அம்பு கசிவு. ஒவ்வொரு இணைப்பின் கீழும் செய்தித்தாளை விரித்து வைத்துவிட்டுத் தூங்கப்போனோம். காலையில் தாள்கள் உலர்ந்தே இருந்தன.

திங்கள் இரவில்தான் அந்த வாக்கியம் சொல்லப்பட்டது. மிதியை வேகமாக மூன்று நான்கு முறை அடித்தால் அது மேலேறி ஓரளவு இறுகியது. “அடிச்சு அடிச்சுப் பிடிச்சா நிக்குதுல்ல, மெதுவா போனாப் போதும்” என்றார் ஒருவர். மற்றவர் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனார். அம்மா இருவரையும் பார்த்துவிட்டு, என்ன என்று கேட்காமல், “இந்த வருசம் இல்லைனா அடுத்த வருசம்” என்றார். எழுபத்திரண்டு வயதில் அடுத்த வருடம் என்பதை அவ்வளவு எளிதாகச் சொல்ல முடிகிறவரை ஏற்றிக்கொண்டு, நான்கு முறை அடித்தால் பிடிக்கும் பிரேக்கோடு எழுபது வளைவுகளில் இறங்குவதை நாங்கள் எண்ணிப்பார்த்தோம். வளைவில் எதிரே பேருந்து வரும்போது நான்கு முறை அடிக்க எவர் நேரம் தருவார்? அந்த வாக்கியத்தைச் சொன்னவர் எவர் என்பதை எழுதப்போவதில்லை. சொல்லாதவர் மனத்திலும் அது ஒரு கணம் எழுந்து மறைந்தது என்பதால், அது எங்கள் இருவருடைய வாக்கியம்தான்.

செவ்வாய் மாலை மூன்றாவது அம்பு, பின்சக்கர டிரம்கள். ஷூக்கள் டிரம்மைவிட்டு மிகவும் விலகியிருந்தாலும் மிதி கீழே போகும். அடித்து அடித்து மேலேற்றினால் இறுகுவது அதற்கும் அடையாளம். அத்துடன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பின்சக்கரம் மெக்கானிக் அண்ணன் கடைசியாகத் தொட்ட இடம். பிழை அங்கே இருக்க வேண்டுமென்று நாங்கள் விரும்பினோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் சொன்ன நல்ல வாக்கியத்துக்கு ஒரு சான்று கிடைத்துவிடும் அல்லவா?

டிரம்மைத் தட்டிக் கழற்றி, செல்போன் விளக்கை உள்ளே காட்டினோம். பின்தகடு பதினெட்டு ஆண்டுத் துருவில் செம்மண் நிறமாக இருந்தது. அதன் நடுவே வீல் சிலிண்டர் வெள்ளையாக மின்னியது. உடலில் வார்த்திருந்த எண்களை எழுத்துக்கூட்டிப் படிக்க முடிந்தது. இருமுனைகளிலுமிருந்த ரப்பர் மூடிகள் வெடிப்பில்லாமல் மிருதுவாக இருந்தன. ஷூக்களின் லைனிங் பாதிகூடத் தேயவில்லை. மறுபக்கம் கழற்றினோம். அங்கும் அப்படியே. ஷூக்களின் இடைவெளியும் சரியாகவே இருந்தது. அவர் மாற்றியிருந்தார். சொன்னது எல்லாவற்றையும் மாற்றியிருந்தார். அந்த இடத்தில் அவர் செய்து வைத்திருந்த வேலைதான் அந்த வண்டியிலேயே குறையில்லாத வேலை. டிரம்மைத் திரும்பப் பூட்டும்வரை நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

அன்றிரவே அவரிடம் போயிருக்கலாம். போகவில்லை. புதன்கிழமை நான்காவது அம்பாக மாஸ்டர் சிலிண்டரைச் சந்தேகித்தோம். அதற்குள் இருக்கும் சீல் தேய்ந்திருந்தால், மிதியைச் சீராக அழுத்திப் பிடிக்கையில் அது மெல்லமெல்ல இறங்கிக்கொண்டே போகும். ஒரு நிமிடம் பிடித்துப் பார்த்தோம். இறங்கவில்லை. அதாவது, மாஸ்டர் சிலிண்டர் குற்றமற்றது என்று அதுவே சொல்லிவிட்டது. இருந்தும் புதிதாக ஒன்று வாங்கிப் போட்டுவிடலாமா என்று பேசினோம். யோசிப்பதைவிட வாங்குவது எளிது.

ஐந்தாவது அம்பு பூஸ்டர். இன்ஜினைக் கிளப்பியதும் மிதி இன்னும் சற்றுக் கீழே போனதைப் பார்த்துப் பதறினோம். ஆனால் அது பூஸ்டர் நலமாக இருப்பதன் அடையாளம். இன்ஜினை நிறுத்தி மிதியைச் சிலமுறை அழுத்தி உள்ளிருக்கும் வெற்றிடத்தைத் தீர்த்துவிட்டு, காலை அழுத்தி வைத்தபடியே இன்ஜினைக் கிளப்பினால், மிதி சிறிது இறங்கத்தான் வேண்டும். நோயாளியின் நல்ல நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு நோய் என்று சொன்ன வைத்தியர்களாக இருந்தோம்.

வியாழக்கிழமை காலை ஒரு சோதனையைச் செய்தோம். சக்கரங்களுக்குச் செல்லும் ரப்பர் குழாய்களைத் துணி சுற்றிய இடுக்கியால் ஒவ்வொன்றாக இறுக்கி அடைத்து, ஒவ்வொரு முறையும் மிதியை அழுத்திப் பார்ப்பது. எந்தக் குழாயை அடைத்ததும் மிதி கல்லாகிறதோ அந்தச் சக்கரத்தில் குறை. பின்பக்கம் அடைத்தபோது மாற்றமில்லை. இடது முன்பக்கத்தை அடைத்தபோது கொஞ்சம் இறுகியது. வலது முன்பக்கத்தையும் சேர்த்து அடைத்ததும் மிதி அசையாமல் நின்றது. நான்கு நாள்களில் முதன்முறையாகக் காலுக்கு எதிர்ப்புக் கிடைத்தது. ஆக, குறை இரண்டு முன்சக்கரங்களிலும் இருக்கிறது. நாங்கள் பூட்டிய இரண்டு காலிப்பர்களிலும்.

இதைக் கண்டதும் எங்கள் இருவர் வாயிலிருந்தும் ஒரே சமயத்தில் வந்த சொல், “கடைக்காரன் ஏமாத்திட்டான்” என்பது. புதுப்பித்த காலிப்பர் என்று சொல்லிக் கெட்டதைத் தலையில் கட்டிவிட்டான். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினோம். உதிரிபாகக் கடையில் சொல்ல வேண்டிய வாக்கியம்கூட நாக்கு நுனியில் தயாராக இருந்தது. தெருமுனையில் எங்களில் ஒருவர் நின்றார். மற்றவரும் நின்றார். 2022இல் சாவி திண்ணையில் வைக்கப்பட்ட ஓசை இருவருக்கும் கேட்டிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலைவரை இந்த மிதி உறுதியாக இருந்தது. ஞாயிறு மாலை பஞ்சானது. இடையில் அந்த வண்டியைத் தொட்டவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே. பின்சக்கரம், மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர், கடைக்காரர் என்று ஊரையெல்லாம் விசாரித்துவிட்டு, எங்கள் சொந்தக் கையை மட்டும் விசாரிக்காமல் இருந்திருக்கிறோம். கடைக்குப் போகாமல் மூன்று தெரு தள்ளிப் போனோம்.

மெக்கானிக் அண்ணன் ஒரு வண்டியின் அடியிலிருந்து எழுந்து, பழந்துணியில் கையைத் துடைத்தபடி எங்களைப் பார்த்தார்.

“என்ன தம்பி, வண்டி கெளம்ப மாட்டேங்குதா, நிக்க மாட்டேங்குதா?”

“நிக்க மாட்டேங்குதுங்ணா.”

“அப்ப உடனே பாக்கோணும்” என்றார்.

டிவிஎஸ் எக்செல்லில் எங்கள் பின்னாலேயே வந்தார். காருக்குள் ஏறவில்லை. கதவைத் திறந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மிதியைக் காலால் அல்லாமல் உள்ளங்கையால் இரண்டு முறை அழுத்திப் பார்த்தார். பிறகு முன்பக்கம் வந்து, கழற்றி வைத்திருந்த சக்கரத்தின் இடத்தில் குனிந்தார். எதையும் தொடவில்லை.

“நிப்பிள் எங்க இருக்குன்னு பாருங்க.”

பார்த்தோம். காலிப்பரின் அடிப்பக்கத்தில் இருந்தது.

“காத்து எங்க தம்பி போகும்?”

“மேலங்ணா.”

“காத்து மேல போய் உக்காந்துருக்குது. நீங்க வாசலைக் கீழ வச்சுட்டு வா வான்னா எப்பிடி வரும்?”

இடது காலிப்பரை வலப்பக்கமும் வலதை இடப்பக்கமும் பூட்டியிருந்தோம். அவை ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போன்றவை. இடம் மாறினாலும் திருகுகள் பொருந்திவிடும், பேடுகள் பொருந்திவிடும், எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் மேலே இருக்க வேண்டிய நிப்பிள் கீழே வந்துவிடும். அதற்கு மேலுள்ள இடத்தில் தேங்கிய காற்று எத்தனை லிட்டர் ஊற்றினாலும் வெளியே வராது. கீழே வழியும் நீர்மத்தில் குமிழி இல்லாததைப் பார்த்து நாம் ஏமாந்துகொண்டிருப்போம். குழாய் முறுக்கிக்கொண்டு நின்றதும் இதனால்தான். வண்டி முதல் நாளே சொல்லிவிட்டது. கண்ணில் பட்டதைக் கருத்தில் வாங்காதவர்கள் நாங்கள்.

இடம் மாற்றிப் பூட்டும் வேலையை அவர் எங்களையே செய்யச் சொன்னார். பக்கத்தில் நின்று இரண்டு முறை கடிந்துகொண்டார். குழாய் இணைப்பிலுள்ள செம்பு வாஷர்களைத் திரும்பப் போடக் கூடாது, ஒவ்வொரு முறையும் புதிது போட வேண்டும் என்பது ஒன்று. காற்று எடுக்கும்போது மிதியைத் தரைவரை தள்ளக் கூடாது, அடியில் ஒரு மரத்துண்டு வைக்க வேண்டும் என்பது இன்னொன்று. பழைய மாஸ்டர் சிலிண்டரில் சீல் வழக்கமாகப் போகாத ஆழத்தில் துரு படிந்திருக்கும், அங்கே அதைத் தள்ளினால் கிழிந்துபோகும் என்றார். இடுக்கியால் குழாயை அடைத்தோம் என்றதும் முகம் சுளித்து, பதினெட்டு வருடத்துக் குழாயை அப்படி நசுக்கிய பிறகு மலைக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று இரண்டு குழாய்களையும் புதிதாக வாங்கிவரச் செய்தார். மாலைக்குள் எல்லாம் முடிந்தது. கால் லிட்டருக்குச் சற்று அதிகமான நீர்மத்திலேயே காற்று முழுதும் வெளியேறிவிட்டது. ஏறி அழுத்தினோம். ஒரு விரற்கடை போனதும் மிதி நின்றது. அதற்கப்பால் ஒரு சுவர்.

அவர் கை கழுவும்போது, அதுவரை சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னோம்.

“பின்னாடி டிரம்மைக் கழட்டுனோங்ணா. சிலிண்டரைப் பாத்தோம்.”

அவர் சோப்பு நுரையைப் பார்த்துக்கொண்டே, “பாத்தீங்களா?” என்றார்.

“அன்னைக்கு அப்படிப் பேசினது தப்புங்ணா.”

சிறிது நேரம் தண்ணீர் ஊற்றும் ஓசை மட்டும் இருந்தது. “இப்பல்லாம் கழட்டுன பழசை ஒரு கவர்ல போட்டு வண்டியிலயே வச்சு அனுப்பிடறேன்” என்றார். அதில் குத்தல் இல்லை. அதுதான் எங்களைக் குத்தியது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக எவரும் கேட்காத ஒன்றை நாங்கள் கேட்டு, அவருடைய வேலையில் நிரந்தரமான ஒரு பழக்கத்தைச் சேர்த்துவிட்டிருக்கிறோம். கூலி நானூறு ரூபாய் என்றார். கொடுத்தோம். வாசலில் நின்ற அம்மாவிடம், “எறங்கறப்ப ரெண்டாவது கியர்லயே வரச் சொல்லுங்கம்மா, பிரேக்க மிதிச்சுக்கிட்டே வரக் கூடாது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொன்னதற்கும் காரணம் உண்டு. தொடர்ந்து மிதித்துக்கொண்டே இறங்கினால் பேடும் டிஸ்க்கும் சூடேறி, அந்தச் சூடு நீர்மத்துக்கும் பரவும். டாட் 3 நீர்மத்தின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. நூற்றுக்கு நான்கு பங்குக்கும் சற்றுக் குறைவான நீர் கலந்துவிட்டால் அந்த எல்லை 140 டிகிரி என்று வகுத்திருக்கிறார்கள். அதற்கும் மேல் சூடேறி உள்ளே ஆவிக்குமிழி உண்டானால், காற்று புகுந்தது போன்றதே. மிதி பஞ்சாகும், அதுவும் இறக்கத்தில். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றச் சொல்வது இதற்காகத்தான்.

வெள்ளிக்கிழமை ஆளில்லாத சாலையில் மெதுவாக ஓட்டி, நிறுத்தி, மறுபடி ஓட்டிச் சோதித்துப் பார்த்தோம். சனிக்கிழமை மலைக்குப் போனோம். அம்மா சன்னிதியில் வெகுநேரம் நின்றார். திரும்பும்போது முன்னிருக்கையில் அமர்ந்துகொண்டு, பலகையில் எழுதியிருந்த வளைவு எண்களை எழுபதிலிருந்து ஒவ்வொன்றாக வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தார். அப்பா ஓட்டும்போதும் அப்படித்தான் எண்ணுவாராம். எங்களில் ஒருவர் ஓட்டினார். பின்னிருக்கையில் இருந்தவரும் ஒவ்வொரு வளைவிலும் வெறும் தரையைக் காலால் அழுத்திக்கொண்டே வந்தார்.

நாற்பதை ஒட்டிய ஒரு வளைவில் கீழிருந்து ஒரு பேருந்து ஏறி வந்தது. மிதியில் கால் பதிந்ததும் வண்டி நின்றது. ஒரே ஒரு முறை அழுத்தினால் போதுமாக இருந்தது. அம்மா எண்ணிக்கையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

காரவள்ளியில் இறங்கித் தேநீர் குடிக்க நிறுத்தியபோது, நாங்கள் இருவரும் சொல்லிவைத்தாற்போல் ஆளுக்கொரு பக்கமாகப் போய், முன்சக்கரங்களின் அருகே புறங்கையைக் காட்டிப் பார்த்தோம். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே அளவு வெதுவெதுப்பு.